துண்டுகள் எந்தப் பக்கம் பறக்கும்?

போன வாரம் பாளை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது கடை அண்ணாச்சி செல்போனை நீட்டினார். "சார், நீங்க அணு படிச்சவங்கதானே? இது நெசமா?"

வாட்ஸ்அப் செய்தி. அணுக்கரு பிளக்கும்போது துண்டுகள் குறிப்பிட்ட திசையில்தான் அதிகம் பறக்கும், விஞ்ஞானிகளே அளந்திருக்கிறார்கள், கூடங்குளத்திலிருந்து அந்தத் திசையில் இருக்கிற ஊர்களுக்குத்தான் ஆபத்து என்று போட்டிருந்தது. அண்ணாச்சியின் தங்கச்சியை ராதாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவருடைய பயம் நியாயமானது.

செய்தியின் முதல் பாதி உண்மைதான். அப்படி அளந்தவர்களில் நானும் ஒருவன். ஆராய்ச்சி மாணவனாக டெல்லி முடுக்கி மையத்தில், அயனிகளை வேகமேற்றும் பெல்லட்ரான் இயந்திரத்தோடு ராத்திரி ராத்திரியாக விழித்திருக்கிறேன். ஆக்சிஜன் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன் அணுக்களை, வேகமேற்றி, பிடித்தாலே கிழிந்துவிடுகிற மெல்லிய உலோகத் தகட்டில் மோதவிடுவோம். அயனியின் கருவும் தகட்டிலுள்ள ஓர் அணுவின் கருவும் ஒன்றாகிப் பிளக்கும். சுற்றிலும் பல கோணங்களில் டிடெக்டர்கள். பீம், அதாவது அந்த அயனிக் கற்றை, வந்த பாதைக்குக் குறுக்கே, 90 டிகிரியில், ஓர் எண்ணிக்கை வரும். ஏறக்குறைய பீம் வந்த பக்கமே திரும்பும் 170 டிகிரிக்குப் போனால் அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏறும்.

ஏன்? கனமான அயனி சற்றே விலகி மோதுவதால், சேர்ந்த கரு பம்பரமாய்ச் சுற்றுகிறது. சுழல் அச்சு பீமுக்குச் செங்குத்து. சுற்றுகிற கரு நீண்டு பிளந்தால், துண்டுகள் பெரும்பாலும் சுற்றுகிற தளத்திலேயே தெறிக்கும்.

இதைச் சொல்ல கடையிலிருந்த மஞ்சள் பூசணிக்காயையே எடுத்தேன். காம்புதான் பீமின் திசை. ஒவ்வொரு மோதலிலும் துண்டுகள் போகிற வட்டம், பூசணியின் ஒரு வரிப்பள்ளம். மோதல் எந்தப் பக்கமாக நடந்தாலும் அந்த வட்டம் காம்பையும் அடிப்பக்கத்தையும் தொட்டுத்தான் போகும். வயிற்றில் பள்ளங்கள் விலகிக் கிடக்கின்றன, காம்பில் நெருக்கியடிக்கின்றன. அண்ணாச்சி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இங்கன வந்து கூடுது" என்றார்.

170 டிகிரி எண்ணிக்கைக்கும் 90 டிகிரி எண்ணிக்கைக்கும் உள்ள இந்த விகிதத்தை வைத்து, பிளக்கும் தறுவாயில் கரு எவ்வளவு நீண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். டென்மார்க் இயற்பியலாளர் ஆகே போர் 1955-ல் இதற்கு அடித்தளம் போட்டார். 1958-ல் ஹால்பெர்னும் ஸ்ட்ருட்டின்ஸ்கியும் கணக்காக்கினார்கள். கன அயனிகளில் சில நேரம் கணக்கைவிட விகிதம் கூடி வந்தது. கரு முழுதாக நிலைகொள்ளும் முன்பே பிளந்துவிடுவதுதான் காரணம் என்று 1985-ல் விளக்கியவர்கள் மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ராமமூர்த்தியும் கபூரும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமை.

சரி, கூடங்குளத்துக்கு வருவோம். அங்கே பீம் கிடையாது. மெதுவாக நகரும் நியூட்ரான்கள் எல்லாப் பக்கமிருந்தும் யுரேனியத்துக்குள் நுழைகின்றன. அவை கருவைச் சுழற்றுவதே இல்லை எனலாம். அதனால் துண்டுகளுக்குத் திசையும் இல்லை. அதைவிட முக்கியமானது, எரிபொருள் வில்லைக்குள் ஒரு துண்டு ஓடும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். பிறந்த இடத்திலேயே நின்றுவிடும். ராதாபுரத்துக்கு அது பறந்து வராது.

அப்படியானால் பயமே வேண்டாமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். நின்றுபோன அந்தத் துண்டுகள் கதிரியக்கம் உள்ளவை. அயோடின்-131, சீசியம்-137 எல்லாம் அவற்றிலிருந்து வருபவைதான். உலையை நிறுத்திய பிறகும் அவை வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும், குளிர்வித்தே ஆக வேண்டும். 2011-ல் புகுஷிமாவில் கைவிட்டது அந்தக் குளிர்விப்புதான். எரிபொருளின் உறையும் அழுத்தக் கலமும் வெளிக் கட்டடமும் எல்லாம் தோற்றால், அயோடினும் சீசியமும் வெளியே வரும். அப்போது திசையைத் தீர்மானிப்பது காற்று. ஆடியில் கச்சான் ஒரு பக்கம் தள்ளும், ஐப்பசியில் வாடை வேறு பக்கம் தள்ளும். இது கடலோர ஜனங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் அண்ணாச்சியிடம், அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாகத் தங்கச்சியை ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: அவசர ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது? கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கிற அயோடின் மாத்திரை யாரிடம் இருக்கிறது? வெளியேறச் சொன்னால் பஸ் எந்த இடத்துக்கு வரும்?

அண்ணாச்சி மூன்றையும் பில் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அப்புறம் தங்கச்சிக்குப் போன் போட்டார்.