நித்திரைக் குளிசையா, தணிப்பு மருந்தா?

கொழும்பு வெள்ளவத்தைப் பாமசிகளில் ‘செடற்றிவ்’ (sedative) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்தான்: நித்திரைக் குளிசை. ஆஸ்பத்திரிக்குள் போனால் அதுவே மயக்க மருந்தாகிவிடும். இரண்டும் வாய்க்கு வசதி. இரண்டும் பொருளைக் கோணலாக்குகின்றன.

சொல்லின் வேர் இலத்தீன். ‘செடாரே’ என்றால் தணித்தல், அடங்கச் செய்தல். உட்காருவதைக் குறிக்கும் ‘செடேரே’ அதற்கு உறவு. கலங்கல் நீரில் அடியில் படியும் வண்டலை ‘செடிமென்ற்’ என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். நித்திரை இதில் எங்கும் இல்லை. நித்திரைக்கென்று ‘ஹிப்னோற்றிக்’ இருக்கிறது, உறக்கத்துக்கான கிரேக்கச் சொல் ‘ஹிப்னோஸ்’ வழி வந்தது, கிரேக்கரின் உறக்கத் தெய்வத்தின் பெயரும் அதுதான். அதை உறக்கமூட்டி எனலாம். ஒரே மருந்து குறைந்த அளவில் தணிக்கும், கூடிய அளவில் உறக்கமூட்டும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இந்த வித்தியாசம் எதற்கு என்றால், இவை ஆளைத் தூங்க வைக்காமலே வேலை காட்டும். என் மாமிக்கு வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது மிடசோலம் என்ற செடற்றிவ் ஊசி போட்டார்கள். இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் திரும்பினாராம், கேட்டதற்குப் பதிலும் சொன்னாராம். வெளியே வந்து என்னிடம் கேட்டார்: “என்ன தம்பி, இன்னும் தொடங்கேல்லையே?” பத்து நிமிடத்தில் அதையே மூன்று தரம் கேட்டார். தன் கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது மட்டும் பிசகாமல் நினைவிருந்தது. பழைய நினைவை இம்மருந்து தொடுவதில்லை, புதியதைப் பதியவிடாது. மூளையின் இயல்பான தடுப்புச் சமிக்ஞையான ‘காபா’வின் வலுவை அது கூட்டிவிடுகிறது.

கைவேகமும் அப்படித்தான். நித்திரையில்லாதவர் ஏற்கெனவே மந்தமாக இருப்பார் என்பதால், மருந்தின் விளைவைத் தனியே அளக்க ஆய்வாளர்கள் நோயில்லாதவர்களைத் தேர்வார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். டயசெபாம், லொராசெபாம் போன்ற செடற்றிவ் குளிசைகளை எடுத்தவர்களின் விரல் பிந்தும். அவர்களோ பல நேரம் தாங்கள் நன்றாகத்தான் இருப்பதாக நினைப்பார்கள். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். பிரேக்கில் கால் விழ ஐந்தில் ஒரு விநாடி பிந்தினால், கிட்டத்தட்ட 3 மீற்றர் போய்விடும். முன்னால் நிற்கும் பஸ்ஸுக்கு அது போதும்.

விடிந்ததும் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்ப வைப்பது ‘நித்திரை’ என்ற சொல்தான். டயசெபாமில் பாதி உடலை விட்டுப் போகவே ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கும். சோல்பிடெம் என்ற உறக்கமூட்டியை எடுத்த பெண்களுக்கு மறுநாள் காலை வாகனம் ஓட்டுவதில் ஆபத்து என்று, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான அளவைப் பாதியாக்கியது. தடிமலுக்கு விழுங்கும் ‘பிரிற்றன்’ (Piriton) குளிசைகூட இதில் சேர்த்திதான்.

‘மயக்கம்’ பழைய சொல். தொல்காப்பியத்தில் அது கலத்தல். மெய்யெழுத்துகள் கூடுவது மெய்ம்மயக்கம். நல்ல சொல், ஆனால் உணர்விழக்கும் நிலைக்கே இன்று போய்விட்டது. ‘தணி’ அப்படியல்ல. கோபம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். ஆள் விழித்தே இருப்பார். எனவே என் தெரிவு தணிப்பு மருந்து.

போன கிழமை பாமசியில் அப்படியே கேட்டுப் பார்த்தேன். பொடியன் முழித்துவிட்டு, “மருந்துத் துண்டைக் காட்டுங்கோ அண்ணை” என்றான்.