புரொபேஷன் முடியும்வரை வலியை மறைக்காதீர்கள்

ஜூன், ஜூலையில் ஆஃபர் லெட்டரோடு சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆருக்கு வந்து சேர்கிறவர்களில் சிலர், தீபாவளி நெருங்கும்போது எங்கள் ஃபிசியோதெரபி கிளினிக்குக்கு வர ஆரம்பிப்பார்கள். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் இருக்கும். ஒருவருக்குக் கழுத்து, இன்னொருவருக்கு இடுப்பு, வேறொருவருக்குக் கட்டைவிரலின் அடிப்பகுதி. எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில் வரும்: "ரெண்டு மூணு மாசமா இருக்கு மேடம். புரொபேஷன் முடியட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் இரண்டு வாரத்தில் வந்திருந்தால், மேசையைச் சரிசெய்து சில பயிற்சிகள் சொல்லி அனுப்பிவிடக்கூடிய வலி அது. மூன்று மாதம் பொறுத்துக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடுகிறது, கழுத்தைத் திருப்பவே பயம் வருகிறது, மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போட்ட மாத்திரையால் வயிறும் எரிய ஆரம்பித்திருக்கிறது. அதன்பிறகு குணமாக நாளாகும்.

கல்லூரியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பு, லேப், மெஸ், கிரவுண்ட் என்று உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது. வேலையில் சேர்ந்த திங்கட்கிழமையிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில். அதற்கு முன்னும் பின்னும் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குக் குனிந்த தலையோடு செல்போனைப் பார்த்துக்கொண்டே கேப் பயணம். தங்கியிருக்கும் பிஜி விடுதிக்குத் திரும்பினால் மேசை கிடையாது, கட்டிலில் கால் நீட்டி மடியில் லேப்டாப். இது எதுவும் தனியாக ஆபத்தானது இல்லை. எல்லாம் ஒரே வாரத்தில், பழகிக்கொள்ள அவகாசமே இல்லாமல் வந்து சேர்வதுதான் சிக்கல்.

லேப்டாப்பின் அமைப்பிலேயே ஒரு சிரமம் இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிய வேண்டும், கண்ணுக்கு நேராக வைத்தால் தோளைத் தூக்க வேண்டும். இரண்டையும் பிரிப்பதுதான் வழி. நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை ஏற்றிவையுங்கள். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சம்பளத்தில் புது செல்போன் வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

வாட்ஸப்பில் சுற்றும் ஒரு படத்தைப் பலர் பயத்தோடு காட்டுவார்கள். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் விழுகிறது என்ற படம். அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணினி மாதிரியைக் கொண்டு போட்ட கணக்கு அது. குனியக் குனியத் தசைக்கு வேலை கூடுகிறது என்பது உண்மை. அதனால் எலும்பு நொறுங்கிப்போகும் என்று அதற்குப் பொருள் இல்லை. குனிவதற்கென்றே கழுத்து அப்படி அமைந்திருக்கிறது. ஒரு மணி நேரம் அசையாமல் குனிந்தே இருப்பதுதான் அதற்கு ஆகாது. நிமிர்ந்த முதுகோடு விறைப்பாக உட்கார்ந்திருப்பதும் அசையாமல் இருப்பதுதான். அரை மணிக்கொரு தரம் எழுந்து நில்லுங்கள், போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது "தேய்மானம்" என்ற சொல். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒரு எக்ஸ்ரேயோடு வருகிறாள். கழுத்தின் வளைவு குறைந்திருப்பதாக ரிப்போர்ட். அதைப் பார்த்த யாரோ "எலும்பு தேஞ்சிருக்கு, வெயிட் தூக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொடவிடுவதில்லை. கழுத்தில் பட்டி கட்டி மாதக்கணக்காகிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் தட்டு) தேய்மானம் இருந்தது, 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றம் இது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருப்பதாலேயே உங்கள் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. மருத்துவர் காரணம் சொல்லி எழுதித் தராமல் கழுத்துப் பட்டியோ இடுப்பு பெல்ட்டோ நீங்களாக வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் கட்டினால் அவை வேலை செய்ய வேண்டிய தசைக்கு ஓய்வு கொடுத்து அதை மேலும் தளர்த்திவிடக்கூடும்.

தசைக்கு வேண்டியது வலு. ஜிம்முக்கு நேரமில்லை என்பார்கள். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலக ஊழியர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சி, வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். நாளுக்கு 12 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது, வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. இரண்டு நிமிடம் யாரிடமும் இருக்கும்.

அடுத்து, வேலைப் பயணம். டிரெயினிங்குக்கு ஐதராபாத், கிளையண்ட் மீட்டிங்குக்குப் பெங்களூரு என்று இரவுப் பேருந்தில் அனுப்புவார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானம் மட்டுமில்லை, பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதுதான், பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள், வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள். கருத்தடை மாத்திரையோ, மாதவிடாய்க் கோளாறுக்காக ஹார்மோன் மாத்திரையோ எடுக்கிற பெண்கள் நீண்ட பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நிறைய. சிறுநீர்த் தொற்றோடு திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ரயிலில் டிக்கெட் போட்டுத் தருவது நிறுவனத்தால் முடியாத காரியமா?

முதுகுப் பையைப் பற்றிச் சுருக்கமாக: லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் சேர்ந்தால் ஐந்தாறு கிலோ வந்துவிடும். இரண்டு தோளிலும் மாட்டுங்கள். ஆபீசுக்கு ஒரு சார்ஜர், ரூமுக்கு ஒன்று வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

புரொபேஷனில் இருக்கும்போது கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. வலி என்று கூடச் சொல்ல வேண்டாம். "லேப்டாப் ஸ்டாண்டும் மானிட்டரும் கிடைக்குமா?" என்று ஒரு மெயில் போதும். பல நிறுவனங்களில் கேட்டால் கொடுக்கிறார்கள். டீம் லீடாக இருப்பவர்கள் இதைப் படித்தால், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நீங்களே போய்க் கேளுங்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள்.

சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. கையிலோ காலிலோ பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்புவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காய்ச்சலோடு முதுகு வலி, பயணத்துக்குப்பின் ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற வலிகளுக்கு ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வரும்போது, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு போட்டோ கொண்டுவாருங்கள். ஆபீஸ் மேசையில் ஒன்று, பிஜி கட்டிலில் ஒன்று. ஸ்கேனைவிட எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.