இரைப்பை அறுவைக்கு முன் போட வேண்டிய கணக்கு

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 78 வயதுக்காரர் இரண்டு ஆண்டு கழித்து இறந்தால், அதற்குப் புற்றுநோய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பலரை நிமோனியாவோ இதய நோயோ கொண்டுபோகிறது. இந்த நோயும் முதியோரும் அதிகமுள்ள ஜப்பானில் வெளியான பல ஆய்வுகளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: நோயின் கட்டம் ஒன்றாகவே இருந்தாலும், அறுவைக்கு முன்பே ஊட்டம் குறைந்திருந்தவர்கள் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள்.

ஊட்டநிலையை அளக்க இரண்டு கணக்குகள் அதிகம் பயன்படுகின்றன. முதலாவது, ஜப்பானிய மருத்துவர் ஒனோடெராவும் குழுவினரும் 1984இல் வெளியிட்டது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தை (டெசிலிட்டருக்கு எத்தனை கிராம்) 10ஆல் பெருக்கி, ஒரு கன மில்லிமீட்டரில் உள்ள லிம்போசைட் (வெள்ளையணுவில் ஒரு வகை) எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடை 40க்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்பது அவர்கள் சொன்ன எல்லை. இரண்டாவது, 2005இல் பிரான்சில் முதியோருக்கென உருவானது: ஆல்புமின் × 14.89, அதோடு (இப்போதைய எடை ÷ இருக்க வேண்டிய எடை) × 41.7. இதில் 98க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 92க்குக் கீழே மிதமான ஆபத்து, 82க்குக் கீழே பெரிய ஆபத்து.

உயரம் 160 செ.மீ., எடை 48 கிலோ, ஆல்புமின் 3.2, லிம்போசைட் 1,100 என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 32 + 5.5 = 37.5. இந்த உயரத்துக்கு, பி.எம்.ஐ. (எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22 என்ற அளவில், இருக்க வேண்டிய எடை 56.3 கிலோ. ஆக இரண்டாவது கணக்கில் சுமார் 83. ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பார், பார்வைக்குக் கொஞ்சம் இளைத்தவர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு எண்களுமே எச்சரிக்கின்றன.

ஆல்புமின் குறைவதைச் சாப்பாட்டுக் குறைவு என்று மட்டும் படிப்பது தவறு. கட்டியால் உடம்பில் அழற்சி இருக்கும்போது, கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்யத் திரும்புகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து ஆல்புமின் கசியவும் செய்கிறது. அதனால்தான் ஆல்புமின் பாட்டில் ஏற்றி எண்ணை உயர்த்துவதில் பலனில்லை. அறிக்கையில் எண் ஏறும், தசை ஏறாது. இருமிச் சளியை வெளியேற்றுவதற்கும், அறுவைக்கு மறுநாள் எழுந்து நடப்பதற்கும் தசைதான் வேண்டும். இருமல் வலுவிழந்தவருக்குச் சளி நுரையீரலில் தேங்கி நிமோனியா ஆகிறது.

கடுமையான ஊட்டக் குறைவு இருந்தால், அறுவையைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே, ஆல்புமின் 3க்குக் கீழே ஆகியவை அதன் அடையாளங்கள். புற்றுநோயை வைத்துக்கொண்டு காத்திருப்பதா என்று குடும்பம் பதறும். அந்தப் பதற்றம் நியாயமானது, ஆனாலும் அந்த இரண்டு வாரம் வீண் போவதில்லை.

எவ்வளவு கொடுப்பது? நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் புரதம். 48 கிலோ எடைக்குப் புரதம் மட்டும் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராம். நம் வீடுகளில் நோயாளிக்கென்று காய்ச்சும் அரிசிக் கஞ்சியை மட்டும் நம்பினால் இந்த அளவை எட்டவே முடியாது. முதிய தசைக்கு ஒரு சிக்கல் உண்டு: ஒரே வேளையில் 25-30 கிராம் புரதம் சேர்ந்தால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். வாயால் போதாதபோது, மருத்துவமனையில் தரும் புரத பானம் துணை. கட்டி இரைப்பையின் வாசலை அடைத்து வாந்தி எடுப்பவருக்கு, அடைப்பைத் தாண்டிச் சிறுகுடலில் குழாய் வைக்க வேண்டிவரும்.

பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுக்கக் கூடாது. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் உயர்ந்து, பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயத் துடிப்பு தடம் புரளலாம். எனவே முதலில் தயாமின் (வைட்டமின் பி1), பிறகு கிலோவுக்கு 10 கலோரியில் தொடக்கம், தினமும் ரத்தப் பரிசோதனை.

இரைப்பை முழுவதையும் எடுத்த பிறகு பசியே குறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரித்து, பசிக்காவிட்டாலும் நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும். பி12 ஊசி ஆயுள் முழுக்க. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டு தாக்குப்பிடிப்பதால், ஊசியைத் தவறவிட்டால் விளைவு தாமதமாகத்தான் தெரியும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் எடை இழப்பு 15 சதவீதத்தைத் தொட்டவர்களால், ஜப்பானில் ஓராண்டு கொடுக்கும் எஸ்-1 என்ற புற்றுநோய் மாத்திரையைத் தொடர முடியாமல் போவது அதிகம். மாத்திரை நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. 48 கிலோக்காரருக்கு அந்த எல்லை 41 கிலோவுக்குச் சற்றே கீழே. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், அதே எடைக் கருவியில் நிறுத்து எழுதிவைத்தால், 44ஐத் தொடும்போதே மருத்துவரிடம் போகலாம்.