சத்ரப்: நாடுகாவலன்

பண்டைப் பாரசீக வரலாற்றைத் தமிழில் படிப்போர் 'சத்ரப்' என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். பேரரசர் வென்ற நாடொன்றை அவர் பெயரால் ஆண்ட உயர் அதிகாரியை இச்சொல் குறிக்கும். கிரேக்கர் 'சத்ரபேஸ்' என்று வழங்கிய வடிவமே ஐரோப்பிய மொழிகளின் வழியாக நம்மிடம் வந்தது. அதன் மூலம் பழம்பாரசீகத்தின் 'க்ஷசபாவன்' ஆகும். 'க்ஷச' அரசையும் 'பா' காத்தலையும் குறிப்பதால், அரசைக் காப்பவன் என்பதே நேர்ப்பொருள். வடமொழியின் 'க்ஷத்ர', 'க்ஷத்ரிய' ஆகிய சொற்களும் இவ்வேரின் உறவினவே.

கி.மு. 522இல் அரியணை ஏறிய முதலாம் தாரியஸ், தம்மை எதிர்த்தெழுந்த கிளர்ச்சிகளை அடக்கிய வரலாற்றைப் பெகிஸ்தூன் பாறையில் மூன்று மொழிகளில் பொறிக்கச் செய்தார். அதில் பாக்திரியாவின் சத்ரபாகிய தாதர்ஷியை 'என் அடியான்' என்றே குறிப்பிடுகிறார். ஒரு நாட்டின் வரியும் வழக்கும் படையும் கையிலிருந்தும், பேரரசர்முன் அவன் அடியானே. இவ்விரண்டையும் ஒருசேர உணர்ந்தால்தான் இச்சொல்லின் பொருள் முழுமையாக விளங்கும். சார்திஸ் நகரிலிருந்து ஆண்ட சத்ரபாகிய ஒரொய்தெஸ் பணிய மறுத்தபோது, தாரியஸ் படை அனுப்பவில்லை என்றும், அரச முத்திரையிட்ட ஓலைகளோடு சென்ற தூதன் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து, காவல்வீரர் அரசர் சொல்லுக்குப் பணிவதைக் கண்ட பின்னரே கொல்லுமாறு பணித்த ஓலையை நீட்ட, அவ்வீரர்களே தம் தலைவனை வெட்டி வீழ்த்தினர் என்றும் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார்.

இந்தியாவில் இப்பட்டம் 'க்ஷத்ரபர்' என வழங்கிற்று. ஏறத்தாழ கி.பி. 150ஆம் ஆண்டைச் சேர்ந்த குஜராத்தின் ஜூனாகத் கல்வெட்டில் 'மகாக்ஷத்ரபர்' எனப்படும் சக மரபினர் ருத்ரதாமன், எவருக்கும் அடங்காத தனியரசராகவே தோன்றுகிறார்.

மராட்டிய மன்னர் சிவாஜி 1674இல் முடிசூடிக்கொண்டு ஏற்ற 'சத்ரபதி' என்னும் பட்டத்தை இதனோடு சேர்த்துக் குழப்புதல் ஆகாது. அது 'சத்ர' (குடை), 'பதி' (தலைவன்) என்னும் வேறு சொற்களால் ஆனது. நம் வெண்கொற்றக் குடை மரபுக்கு நெருங்கியது.

தமிழில் இதற்கு எதனை வழங்கலாம்? 'ஆளுநர்' என்றால் இன்றைய அரசமைப்புப் பதவியே நினைவுக்கு வரும். படை திரட்டும் அதிகாரம் அதில் புலப்படாது. 'சிற்றரசர்' என்பது தனக்கென மண்ணும் குலவுரிமையும் உடையவரைக் குறிப்பதால், அமர்த்தப்பட்டவன் என்னும் கருத்தையே அழித்துவிடும். பழைய தமிழ் விவிலியத்தில் தானியேல் நூலில் வரும் 'தேசாதிபதி' பொருந்துவதே எனினும், காத்தல் என்னும் மூலப்பொருள் அதில் இல்லை. அதற்கு உரிய சொல் நம்மிடமே உண்டு. தவறிழைத்ததை உணர்ந்த சிலப்பதிகாரப் பாண்டியன் தன் ஆட்சியைத் 'தென்புலங் காவல்' என்றே கூறுகிறான். ஆகவே 'நாடுகாவலன்' என்பதே என் தேர்வு. 'காவலர்' எனத் தனித்து எழுதினால் காவல்துறையினரைச் சுட்டுமாதலால், 'நாடு' என்னும் அடையை விடாது சேர்த்தே எழுதவேண்டும். ருத்ரதாமன் போன்றோர்க்கு மட்டும் 'க்ஷத்ரபர்' என்பதை மொழிபெயர்க்காமல் பட்டப்பெயராகவே வைத்துக்கொள்வது முறை.