நிறம் போய்விட்டது, சரி. உப்பு எங்கே போனது?

குடியாத்தம் பக்கம் லுங்கி நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறைக்காரர்கள் சிலர் இப்போதெல்லாம் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடுதான் என்னைப் பார்க்க வருகிறார்கள். "நானோ பொடி போட்டோம் சார், குழாத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. இனிமே கால்வாய்ல விட்டுடலாம்ல?" போன வாரமும் ஒருவர் வந்தார். நானோ பொடி என்று அவர்கள் சொல்வது சாயத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் மிக நுண்ணிய தூளை. டிடிஎஸ் மீட்டரை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் அளவைக் காட்டும் கருவியை, முக்கினேன். மீட்டரின் உச்ச அளவையே தாண்டிவிட்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வற்றியதும் தட்டு முழுக்க வெள்ளையாக உப்பு. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது.

எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறாத விஷயம் இதுதான்: நிறம் போனால் தண்ணீர் சுத்தமாகிவிட்டதாக அர்த்தம் இல்லை. சில சாயங்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உப்போ 10,000 மில்லிகிராம் கரைந்திருந்தாலும் தெரியாது. நூலில் ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிவினையால் பிணைகிற சாயம்) ஏற வேண்டுமென்று லிட்டருக்கு 50 கிராம் உப்பு போடுகிறீர்களே, அந்தத் தொட்டித் தண்ணீரில் உப்பு மட்டுமே 50,000 மில்லிகிராம். வெளியே விட அனுமதிக்கப்பட்ட அளவு 2,100. நூல் உப்பைக் குடிப்பதில்லை, பொடியும் அதைத் தொடுவதில்லை. போட்டது அப்படியே கவுண்டன்ய மகாநதிக்கும், அங்கிருந்து பாலாற்றுக்கும் போகிறது. சாயம் நூலில் பிடிக்கப் போட்ட சோடாவின் காரத்தைக் குறைக்க ஆசிட் ஊற்றினால் அதுவும் உப்பாகத்தான் மாறும். கண்ணை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

நான் நானோ பொருட்களுக்கு எதிரி அல்ல. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு காந்தம் இழுக்கிற மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுத் துகளைச் சேர்த்துச் செய்கிற கலவை அருமையான பொருள். சாயம் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், காந்தத்தை வைத்தால் பொடி முழுவதும் ஒரு பக்கமாக வந்துவிடும், வடிகட்ட வேண்டிய தலைவலி குறையும். ஆனால் ஒட்டுவதற்கு மின்னூட்டம் பொருந்த வேண்டும். ரியாக்டிவ் சாயம் எதிர்மின் தன்மை கொண்டது. கைட்டோசான் அமிலப் பக்கம்தான் நேர்மின் தன்மைக்கு வரும். உங்கள் தொட்டியின் பிஹெச் 10, 11; அதாவது நல்ல காரம். அதில் அப்படியே பொடியைக் கொட்டினால் காசுதான் கரையும். சரி, அமிலத்தைக் கூட்டிவிடலாம் என்றால், அளவு மீறும்போது இரும்பு கரைந்து தண்ணீரிலேயே கலக்கும்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் புளூ என்ற சாயத்தைக் கரைத்து, பொடி 'கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்' சாயம் பிடிக்கிறது என்று எழுதுகிறீர்கள். குடியாத்தத்து நூல் தொட்டியிலோ ஆம்பூர்த் தோல் டிரம்மிலோ மெத்திலீன் புளூவை யாரும் போடுவதில்லை. உப்பு, சோப்பு, நூலின் கஞ்சி எல்லாம் கலந்த நிஜக் கழிவுநீரில் அதே பொடி என்ன செய்கிறது என்றும் சோதித்து எழுதுங்கள். பொடி விற்க வருபவர் உங்கள் ஆய்வக எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10,000 லிட்டர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்றால் தினமும் 1 கிலோ சாயம். கிராமுக்கு 200 மில்லிகிராம் பிடிக்கிற பொடியே ஆனாலும் 5 கிலோ வேண்டும். அதுவும் ஆய்வகக் கணக்குதான்.

அந்தப் பொடி அப்புறம் எங்கே போகிறது? சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து பொடிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டறைக்குப் பின்னால் சிமெண்ட் சாக்கில் கட்டிப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்குச் சாக்கின் அடியிலிருந்து சிவப்பாக ஒழுகி, பக்கத்துக் கிணற்று மேடு வரை கோடு போட்டிருந்தது. தோல் கழிவுநீரில் போட்ட பொடி என்றால், தோல் பதனிடப் பயன்படுத்திய குரோமியம் என்ற உலோகமும் ஒட்டியிருக்கும். இது அபாயகரக் கழிவு; 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாட்டப்போவது பொடி விற்றவர் அல்ல, நீங்கள்.

வாங்குமுன் கேளுங்கள்: என் தண்ணீரில் சோதித்தீர்களா? சோதனைக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் எவ்வளவு, சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு? பொடியிலிருந்து உலோகம் கரைகிறதா? எத்தனை முறை கழுவிப் பயன்படுத்தலாம், கழுவிய நீரை என்ன செய்வது, தீர்ந்த பொடியை யார் எடுத்துப்போவார்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால் காசை எடுக்காதீர்கள். பொடியை வெறுங்கையால் அள்ளவே கூடாது. உலர்ந்த பொடி பறக்கும், மூச்சில் போகும். மாஸ்க் போட்டு, ஈரமாக்கிய பிறகு கையாளச் சொல்லுங்கள். வேலைக்கு வருகிற பெண்களுக்கும் பையன்களுக்கும் இதைச் சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை.

தயவுசெய்து இன்னொன்றும் செய்யுங்கள். சாயத் தொட்டித் தண்ணீரையும் அலசல் தண்ணீரையும் ஒரே குழியில் விடாதீர்கள். தொட்டித் தண்ணீர் அளவில் கொஞ்சம்தான், உப்பின் பெரும்பகுதி அதில் இருக்கிறது. அதைத் தனியே பிடித்து ஆவியாக்கலுக்கு அனுப்பலாம். கடைசி அலசல் தண்ணீரில் உப்பு குறைவு, மிச்சம் இருப்பது லேசான நிறம். இந்தப் பொடி உருப்படியாக உதவும் இடம் அதுதான். நிறம் எடுத்த பிறகு மீட்டரில் பார்த்து, அடுத்த நூலின் முதல் அலசலுக்கே அதைப் பயன்படுத்தலாம்.