பிக்கப் சேசிஸை உப்பு எப்படித் தின்கிறது?

கார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பு குளிர்காலச் சாலைகளுக்குப் போகிறது. வெறும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடும். ஆனால் 23 சதவீதம் உப்புக் கலந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரைகூட உறையாது. அதனால் சாலையில் உப்பைத் தூவினால் பனிக்கட்டி இளகும், டயர் வழுக்காது. 1940களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கியது. இன்று அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பு சாலையில் கொட்டப்படுகிறது. மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க், எல்லை தாண்டி கனடாவின் ஒன்டாரியோ என்று நீளும் இந்தப் பகுதிக்கு 'உப்புப் பட்டை' என்றே பெயர்.

உயிர் காக்கிற உப்புதான். ஆனால் பிக்கப் வண்டிகளின் சேசிஸுக்கு அதுதான் எமன்.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் தனியாக சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்கும். பிக்கப்பில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீளமான எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல்தான் மற்ற எல்லாம்: என்ஜின், கேபின், சாமான் ஏற்றும் தொட்டி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங். சட்டத்தின் கனம் சில மில்லிமீட்டர்தான். கதவில் துரு ஏறினால் பார்க்க அசிங்கம், அவ்வளவோடு போயிற்று. சேசிஸில் ஏறினால் ஓடும்போதே ஸ்பிரிங் பிடிமானம் பிய்ந்துவிடலாம், முற்றினால் வண்டி நடுவில் முறியலாம்.

துரு எங்கே ஏறும் என்று கேட்டால், காற்றும் தண்ணீரும் நன்றாகப் படும் இடத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை, அதாவது உலோகம் அரிக்கப்படுவதை, ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் ஓர் எளிய சோதனையால் இதைக் காட்டினார். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விட வேண்டும். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். இரும்பு கரையும் இடத்தை ஒன்று நீலமாக்கும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் இடத்தை மற்றொன்று இளஞ்சிவப்பாக்கும். முதலில் துளி முழுக்க நீலமும் சிவப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். கொஞ்ச நேரம் போனதும் பிரிந்துவிடும்: விளிம்பு முழுக்கச் சிவப்பு, நடுவில் நீலம், இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு.

துளியின் விளிம்பு மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக உள்ளே வருகிறது. நடுப்பகுதிக்கு அவ்வளவு வருவதில்லை. ஆக்சிஜன் அதிகமுள்ள விளிம்பு எலக்ட்ரான்களைக் கேட்கிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி இரும்பைக் கரைத்து அவற்றைக் கொடுக்கிறது. தகடு வழியாக எலக்ட்ரான்கள் போகின்றன, தண்ணீர் வழியாக அயனிகள் போகின்றன. ஆக, ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு மின்கலம். காற்று குறைவாகப் போகும் இடத்தில்தான் இரும்பு தேய்கிறது.

இதை சேசிஸில் பொருத்திப் பாருங்கள். பல பிக்கப்புகளில் சட்டங்கள் பெட்டி போல நாலு பக்கமும் மூடியவை. தண்ணீர் வடிய அடியில் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் சேறு அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். சேற்றுக்கு அடியிலும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடுக்கிலும் ஆக்சிஜன் குறைவு. எனவே அங்கேதான் எஃகு கரையும். கரைந்த இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. அந்த அழுத்தத்தில் ரிவெட் அடித்து இறுக்கிய தகடுகளே விலகிக்கொடுக்கும். வெளியே பெயின்ட் கறுப்பாக, ஒழுங்காக இருக்கும். உள்ளே பாதிக் கனம் போயிருக்கும்.

உப்பு இதில் மூன்று வேலை பார்க்கிறது. தண்ணீரை நல்ல மின்கடத்தியாக்கி அந்தச் சிறு மின்கலத்தை வேகப்படுத்துகிறது. அதிலுள்ள குளோரைடு, எஃகின் மேல் படியும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கிறது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: வண்டி காய்வதை அது தடுக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையும். கடுங்குளிரில் சேர்க்கும் மெக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீத ஈரப்பதமே போதும். மழை பெய்யாத நாளிலும் சேசிஸ் நனைந்தே இருக்கும். உப்புச் சாலையில் ஓட்டிவிட்டு, கழுவாமல், வெதுவெதுப்பான கராஜில் நிறுத்துவது வண்டிக்குச் செய்யும் நல்ல காரியமல்ல. வெளிக்குளிரில் மந்தமாக நடந்த வேதிவினை அங்கே சூடுபிடிக்கும்.

டொயோட்டாவின் டகோமா பிக்கப் விஷயத்தில் இது ஊரறிந்த கதையானது. 1995 முதல் 2000 வரையான மாடல்களில் சேசிஸின் துருத்தடுப்பு போதாமல் போனதால், 2008இல் அந்த நிறுவனம் உத்தரவாதத்தை 15 ஆண்டாக நீட்டியது. மோசமான வண்டிகளைச் சந்தை மதிப்பைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிறகு வந்த சில டகோமா, டண்ட்ரா, சீக்வோயா மாடல்கள் பற்றிய வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சேசிஸ் மாற்றமும் செய்ய நிறுவனம் இசைந்தது. மொத்த மதிப்பு சுமார் 340 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். ஒரு பூச்சு சரியாக அமையாததன் விலை இது.

சரி, எதைப் பூசுவது? கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ரப்பர் கலந்த கெட்டியான அண்டர்கோட்டிங். பூசிய அன்று அருமையாக இருக்கும். புது வண்டியின் சுத்தமான எஃகில் அது கொஞ்ச காலம் நிற்கவும் செய்யும். ஆனால் கல் பட்டு ஓரிடத்தில் விரிசல் விழுந்தால் போதும், உப்புத் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். எவன்ஸின் துளிக்கு நடுவே நடந்தது இங்கே மறைவாக, வருடக்கணக்கில் நடக்கும். ஏற்கெனவே துரு இருக்கும் வண்டிக்கு இதை அடிப்பதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அடியில் மாட்டிய உப்பு, பூச்சின் வழியாகவே நீரை உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும்.

காயாத, இறுகாத பூச்சுகள்தான் என் தேர்வு. எண்ணெய் வகைகள் உண்டு, மெழுகு வகைகள் உண்டு, ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது கிடைக்கும் லானோலின் கொழுப்பும் உண்டு. ஃப்ளூயிட் ஃபிலிம் என்ற பெயரில் விற்பது இந்த லானோலின் வகை. இவை பார்க்க அழகில்லை, தொட்டால் பிசுபிசுக்கும். ஆனால் இடுக்குகளுக்குள் தானாக ஊர்ந்து போகும், கீறல் விழுந்தால் மெல்ல மூடிக்கொள்ளும், தளர்ந்த துருவுக்குள்ளும் ஊறும். சக்கரம் தண்ணீர் அடிக்கும் இடங்களில் கழுவிப் போய்விடும் என்பது குறைதான். ஆகவே வருடாவருடம் அடிக்க வேண்டும்.

துருவை வேறொன்றாக மாற்றும் திரவங்களும் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். டானின் இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாகிறது. செதில்களை வயர் பிரஷால் உரித்துவிட்டு மிச்சமிருக்கும் மெல்லிய துருவில் பூசினால் பலன் உண்டு. கனத்த செதிலின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும்.

துத்தநாகம் இன்னொரு வழி. இரும்புக்கு முன் தானே கரைந்து அதைக் காக்கும். ஹம்ப்ரி டேவி 1824இலேயே இந்தத் தத்துவத்தைக் கப்பல்களின் செம்புத் தகடுகளில் பயன்படுத்திக் காட்டினார். பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு முழுக்கத் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த சேசிஸ் வாங்கி மாற்றுவோர் உண்டு. ஓடும் வண்டிக்கு இது எளிதல்ல. சுமார் 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் சேசிஸ் முழுவதையும் முக்க வேண்டும்.

பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கும் சிறு மின்னணுப் பெட்டிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் முறை கப்பலுக்கும் மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கும் பலிக்கும்; அவை தொடர்ந்து நீரிலோ ஈர மண்ணிலோ இருப்பதால் அங்கே மின்னோட்டம் சுற்றி வர வழி உண்டு. வண்டியைச் சுற்றிக் காற்றுதானே இருக்கிறது?

பூசுவதற்கு நல்ல நேரம் கோடையின் முடிவு: உப்புக் காலம் வருமுன், சேசிஸ் நன்றாகக் காய்ந்திருக்கும்போது. முதலில் வடிகால் துளைகளைக் குத்திச் சேற்றை எடுக்க வேண்டும். பெட்டிச் சட்டத்துக்குள் தோட்டக் குழாயை விட்டு, வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். நாலைந்து நாள் காயவிட்டு, முனையில் நாலா பக்கமும் தெளிக்கும் நீண்ட குழாயைத் துளை வழியே உள்ளே செருகி, மெல்ல இழுத்தபடி அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் அப்புறம். பிரேக் டிஸ்க்கிலும் சைலன்சரிலும் ஒரு துளியும் படக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் வகை என்றால் ரப்பர் புஷ்களையும் மறைத்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் உறைநிலைக்கு மேல் வெயில் வரும் நாட்களில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட வேண்டும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்கள், அதன் சேசிஸில் புதிதாகக் கறுப்புப் பூசியிருக்கிறது என்றால் சுத்தியலை எடுத்துப் போங்கள். சட்டத்தின் அடிப்பக்கத்தில் அடிக்கு ஓரிடமாகத் தட்டுங்கள். பின் ஸ்பிரிங் பிடிமானத்தையும், பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் கை நுழையாத பகுதியையும் விட்டுவிடாதீர்கள். நல்ல எஃகு கணீரென்று பேசும். தேய்ந்த எஃகு மந்தமாகச் சத்தம் தரும், செதில் உதிரும். போனில் மாட்டும் குழாய்க் கேமரா கிடைத்தால் துளை வழியே உள்ளேயும் பாருங்கள். ஓட்டை விழுந்த சேசிஸை எந்தப் பூச்சாலும் மீட்க முடியாது: வெட்டி எடுத்துப் புது எஃகு வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது சேசிஸையே மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டித்தான் விலை பேச வேண்டும்.