சிங்கப்பூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபின்: நிபந்தனை, கண்காணிப்பு, உதவி

சிங்கப்பூரில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவர், உள்ளே ஒழுங்காக இருந்தால், பொதுவாக இரண்டாண்டில் வெளியே வந்துவிடுவார். மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அந்த ஓராண்டு கழிவதில்லை. 2014 ஜூலையிலிருந்து அது நிபந்தனையோடுதான் வருகிறது.

முக்கியமான நிபந்தனை, அந்த ஓராண்டுக்குள் வேறு குற்றம் செய்யக்கூடாது என்பது. நான்காவது மாதத்தில் ஒருவர் மறுபடி திருடி மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருட்டுக்கான தண்டனை ஒரு பக்கம். அதற்கு மேல், மிச்சமிருக்கும் எட்டு மாதம் வரை நீதிமன்றம் சேர்த்துக் கொடுக்கலாம். பழைய முறையில் வெளியே வந்ததோடு கணக்கு முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை.

மிரட்டல் மட்டும் போதாது என்பது அரசுக்கும் தெரியும். அதனால் அதே ஆண்டில் கட்டாயப் பின்பராமரிப்புத் திட்டமும் வந்தது. இது எல்லோருக்கும் கிடையாது. மறுபடி தவறும் அபாயம் அதிகம், கூடுதல் ஆதரவு தேவை என்று சிறைத்துறை கருதுபவர்களுக்கு மட்டும். காலம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. முதலில் மறுவாழ்வு இல்லத்தில் தங்க வேண்டும். அடுத்து வீட்டில் இருக்கலாம், ஆனால் உடலில் மின்னணுப் பட்டை இருக்கும், குறித்த நேரத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் பட்டை போய்விடும். அதிகாரியைச் சந்திப்பதும் ஆலோசனையும் தொடரும். போதைப்பொருள் பின்னணி உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. நிபந்தனையை மீறுவதே தனிக் குற்றம்.

தடுக்கி விழுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சாப்பாட்டுக்கடையில் வேலை கிடைக்கிறது, கடை அடைக்க இரவு பதினொன்று ஆகிறது, வீட்டில் இருக்க வேண்டிய நேரமோ பத்து மணி. முதலாளியிடம் கேட்கக் கூச்சம், அதிகாரியிடம் சொல்லப் பயம். இப்படி நேரம் இடித்தால் வேலையில் சேருவதற்கு முன்பே அதிகாரியிடம் பேசிவிட வேண்டும். தாமதமான பிறகு விளக்கம் சொல்வது வேறு கதை.

ஆலோசனை உள்ளே இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கோபம், போதை, கூட்டாளிகள், பழைய நினைப்பு என்று எது ஒருவரைத் தவற வைத்ததோ அதைக் குறிவைத்துக் குழுவாகப் பேச வைக்கிறார்கள். வேலைப் பயிற்சியையும் வேலை தேடித் தருவதையும் 'எல்லோ ரிப்பன் சிங்கப்பூர்' அமைப்பு பார்த்துக்கொள்கிறது. 1976இல் வேறு பெயரில் தொடங்கிய அரசு அமைப்பு இது. 2020இல் இந்தப் பெயருக்கு மாறியது. முன்னாள் கைதிகளை வேலைக்கு எடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனங்கள் அவர்களிடம் இருப்பதால், நேர்காணலில் பழைய கதையை முதலிலிருந்து விளக்கும் சங்கடம் குறையும்.

மறுவாழ்வு இல்லங்கள் பலவற்றைச் சமூக, சமய அமைப்புகள் நடத்துகின்றன. தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்த பெயர், இந்து அறக்கட்டளை வாரியத்தின் 'ஆசிரமம்'. பகலில் வெளியே போய் வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் ஏற்பாடு இந்த இல்லங்களில் உண்டு. தங்க இடமில்லாமல் பழைய கூட்டாளி வீட்டுக்கே போய்ச் சேருவதை இது தடுக்கிறது. என் கணக்கில், எந்த அறிவுரையையும் விட இதற்கு மதிப்பு அதிகம்.

சரி, பலன் உண்டா? 1998இல் விடுதலையானவர்களில் 44.4 சதவீதம் பேர் இரண்டே ஆண்டில் மறுபடி சிறைக்குப் போனார்கள். அண்மை ஆண்டுகளில் இது 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஐந்தாண்டு வரை பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் இருவர் திரும்பிவிடுகிறார்கள். கட்டாயக் கண்காணிப்பு இரண்டாண்டோடு முடிவதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாவது ஆண்டில் தோள் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. அந்த இடைவெளியைத் திருந்தி வாழும் முன்னாள் கைதிகளே ஒருவருக்கொருவர் துணையாக இருந்து நிரப்பட்டும் என்று 2023இல் ஒரு வலையமைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள்.

குடும்பத்துக்கும் உதவி உண்டு. கைதி சம்மதித்தால், வட்டாரத் தொண்டூழியர்கள் வீட்டுக்கு வந்து பள்ளிச் செலவு, நிதியுதவி போன்றவற்றுக்கு வழிகாட்டுவார்கள். 2010 முதல் இது நடக்கிறது.  

அப்புறம், குற்றப் பதிவு. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், ஒரே ஒரு தண்டனை, குற்றம் இந்தச் சலுகை இல்லாத குற்றங்களின் பட்டியலில் இல்லை, அதன்பின் ஐந்தாண்டு சுத்தமாக இருந்திருக்கிறார் என்றால், அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். அதற்குப் பிறகு வேலை விண்ணப்பத்தில் பொதுவாக 'குற்றப் பதிவு இல்லை' என்று எழுதலாம். மூன்று மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர்களுக்குப் பதிவு தானாகக் காலாவதியாகாது, காவல்துறை ஆணையரிடம் விண்ணப்பித்துத்தான் பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாதவரை, கேட்டால் உள்ளதைச் சொல்லித்தான் வேலை தேட வேண்டும்.